கையெழுத்து வரிசையில் வாயடைத்துப் போனால்? – வாசகர் கேள்வி பதில்

பதின்ம வயதினருக்காக எழுதும் நாவலாசிரியர்களைக் கொண்டாட நகரங்களில் நடக்கும் திருவிழாக்களைப் பற்றிச் சில கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் நியூயார்க்கில் நூலக இளையோர் பிரிவில் வேலை பார்த்தவள், வாசகர்களின் புத்தகங்களில் எழுத்தாளர்கள் கையெழுத்துப் போடும் மேசைப் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தியவள் என்பதால் ஆசிரியர் குழு பதில் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டது.

கேள்வி: எனக்குப் பதினைந்து வயது. எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்தாளர் இந்த வருட விழாவுக்கு வருகிறார். போன தடவை இன்னொருவரைப் பார்த்தபோது 'ஹலோ'வைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை. இந்தத் தடவை என்ன பேசலாம்?

ஹலோவாவது வந்ததே! சில பிள்ளைகள் புத்தகத்தை நீட்டிவிட்டு அதைத் திரும்ப வாங்காமலே ஓடிப்போவார்கள். பின்னாலேயே போய்க் கொடுப்பதும் எங்கள் வேலைதான்.

மேசைக்கு முன்னால் உனக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். "உங்கள் புத்தகம் என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது" என்று பலரும் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்கு எழுத்தாளர் நன்றி சொல்வதைத் தவிர என்ன செய்ய முடியும்? அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு இடத்தைச் சொல். "அந்தத் தங்கை மூன்று அத்தியாயம் அக்காவோடு பேசாமலே இருந்தாளே, எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது" என்று ஒரு பெண் சொன்னபோது, குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏன் அவள் மேல்?" என்று கேட்டார். வரிசையே நின்றுபோனது. நான் கையைக் காட்டி அவசரப்படுத்தியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி ஒரே ஒரு வாக்கியத்தை நிற்கும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்.

உன் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தன்னார்வலர் வந்து உன் பெயரைக் கேட்டு, சின்னத் தாளில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டுவார். அந்த இரைச்சலில் எழுத்தாளருக்குப் பெயர் காதில் விழாது, எழுத்துக்கூட்டும் தெரியாது. தாளில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தச் சொல், கூச்சப்படாதே. கையெழுத்து விழுவது தலைப்பும் எழுத்தாளர் பெயரும் அச்சிட்ட உள்பக்கத்தில்; அதைப் பிரித்து, மேலுறையின் மடிப்பை அடையாளமாகச் செருகி வை. சில எழுத்தாளர்கள் அச்சிட்ட தம் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுவார்கள். பழைய வழக்கம், பயந்துவிடாதே.

அப்படியும் பேச்சு வரவில்லையா? கடிதமாக எழுதிக் கொடுத்துவிடு.

இன்னொன்று. பெரிய பெயருக்கு வரிசை வாசல் தாண்டிப் போகும்போது, பக்கத்து மேசையில் முதல் நாவல் எழுதியவர் ஒருவர் புத்தகத்தில் செருகும் அடையாள அட்டைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருப்பார். அவரிடம் போ. நேரமும் நிறைய இருக்கும், பேச ஆள் வராதா என்றுதான் அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது. விழா நிகழ்ச்சி நிரலில் காதல், போதை, தற்கொலை என்றெல்லாம் தலைப்புகள் இருக்கின்றன. அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் நிரலை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை ஒரே கூடைக்குள் போடுகிறது. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா அரங்கும் எல்லோருக்கும் இல்லை. சந்தேகமான தலைப்பென்றால் அந்த எழுத்தாளரின் ஒரு புத்தகத்தை நீங்களே முதலில் படித்துவிடுங்கள்.

நான் கேட்ட வரை மேடையில் எழுத்தாளர்கள் அந்த விஷயங்களை விலாவாரியாக விவரிப்பதில்லை. எதை எழுதினேன், எதை வேண்டுமென்றே விட்டேன், ஏன் என்றுதான் பேச்சு போகும். உங்கள் மகள் அதைக் கேட்பது நல்லதுதான்.

மகளிடமிருந்து இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். கேள்வி நேரத்தில் தயவுசெய்து மைக்கை வாங்கி, "என் மகளும் கதை எழுதுவாள், அவளுக்கு ஒரு அறிவுரை சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை நாற்காலிக்குள் புதைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு நாற்பத்திரண்டு. இளையோர் நாவல்களைத்தான் விரும்பிப் படிக்கிறேன். விழாவுக்குப் போனால் சிரிப்பார்களா?

யார் சிரிப்பது? 2012இல் அமெரிக்காவில் நூல் விற்பனைத் தகவல்களைத் திரட்டும் போக்கர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், இளையோர் நூல்களை வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் பதினெட்டும் அதற்கு மேலும். அதிலும் முப்பது முதல் நாற்பத்து நான்கு வயதுக்காரர்கள்தான் அதிகம். உங்கள் கட்சி பெரிய கட்சி. முன்வரிசையையும் முதல் கேள்வியையும் மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்த விழாக்களை யார் தொடங்கினார்கள்?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. அடித்தளம் போட்டவர்கள் நூலகர்கள். 1940களிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகர நூலகர் மார்கரெட் எட்வர்ட்ஸ் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். எழுத்தாளர் பக்கம், இளையோர் நாவலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எஸ்.ஈ.ஹிண்டன்; 1967இல் அவருடைய முதல் நாவல் வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போடச் சொன்னது. 1988இல் மார்கரெட் எட்வர்ட்ஸ் பெயரில் இளையோர் எழுத்தாளர்களுக்கு விருது வந்தபோது, முதல் விருது ஹிண்டனுக்குத்தான்.

எழுத்தாளர்களை மேடையேற்றிப் பெரிய விழா எடுப்பது இந்த நூற்றாண்டுப் பழக்கம். டெக்சாஸின் ஆஸ்டினில் 2009இல் தொடங்கியது, அதுவும் ஒரு நூலகர் முயற்சிதான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 2011. லண்டனில் 2014, அப்போது பிரிட்டனின் சிறார் இலக்கியத் தூதராக இருந்த எழுத்தாளர் மலோரி பிளாக்மன் முன்னெடுத்தது. லண்டன் விழா திரைப்பட, காமிக்ஸ் கண்காட்சியோடு சேர்ந்து நடந்ததால் வேஷம் போட்டவர்களுக்கு நடுவே புகுந்துதான் அரங்குக்குப் போக வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்தது இளையோர் நாவலாசிரியர் டேவிட் லெவிதன் முன்னின்று நடத்திய நியூயார்க் பாணி. ஒரே வளாகத்தில் அடைக்காமல், ஒரு வாரம் நகரத்தின் பல இடங்களில் நடந்தது: 42ஆம் தெருப் பெரிய நூலகத்தில் கருத்தரங்கு, கிளை நூலகங்களில் வாசிப்பு, கடைசியில் 'புக்ஸ் ஆஃப் வொண்டர்' புத்தகக் கடையில் எழுத்தாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து கையெழுத்து. வேலை நாளில் நகரத்தின் இன்னொரு மூலைக்குக் கூட்டிப்போக ஆளில்லாத பிள்ளைக்கும் பக்கத்துக் கிளையில் ஓர் எழுத்தாளர் கிடைத்தார். ஒரே இடத்தில் கூட்டினால் படம் நன்றாக வரும், சரி. வழக்கமாக வருகிற பிள்ளைகளே வருவார்கள்.

கேள்வி: நாங்கள் சில ஆசிரியர்களும் ஒரு நூலகரும் சேர்ந்து சிறிய அளவில் இப்படி ஒரு விழா நடத்த நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

எழுத்தாளருக்கு மின்னஞ்சல் போடுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் இளையோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. நிகழ்ச்சிகளுக்கு யோசனை சொல்வது, நடத்த உதவுவது எல்லாம் அவர்கள் வேலை. அப்படி ஒரு குழுவைச் சேருங்கள். யாரை அழைப்பது, எந்தத் தலைப்பு என்பதில் அவர்கள் சொல் எடுபட வேண்டும். வெறுமனே நாற்காலி தூக்க மட்டும் கூப்பிட்டால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். மேடையில் கேள்வி கேட்டு நடத்தும் பொறுப்பையும் அவர்களில் இருவருக்குக் கொடுங்கள். பெரியவர் நடத்தினால் "உங்களைப் பாதித்த எழுத்தாளர்கள் யார்?" என்று ஆரம்பிப்பார். பதினாறு வயதுப் பையன், "அந்த நாயை ஏன் கொன்றீர்கள்?" என்று ஆரம்பிப்பான்.

மேடையில் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பத்தைந்து நிமிட அமர்வு, அறிமுகத்துக்கு ஐந்து, பார்வையாளர் கேள்விக்குப் பதினைந்து. மிச்சம் இருபத்தைந்தை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நான்கு நிமிடம். அதற்காகவா ஒருவர் ஊர்விட்டு ஊர் வருகிறார்?

பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். பெரிய எழுத்தாளரின் பயணச் செலவைப் பதிப்பகம் ஏற்கலாம். புதியவர் பெரும்பாலும் கைக்காசில் வருவார். "உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்று சொல்லி அவரை இலவசமாக வரவழைக்காதீர்கள். விற்பனைக்கு ஒரே புத்தகக் கடையோடு பேசி, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து மேசைகள் அரங்க வாசலில் வேண்டாம். அடுத்த அமர்வுக்கு உள்ளே வருகிற கூட்டமும் இந்த வரிசையும் முட்டிக்கொள்ளும். அப்புறம், பேனாக்கள். எழுத்தாளர்கள் பேனா கொண்டுவருவார்கள் என்று நினைப்பீர்கள், கொண்டுவர மாட்டார்கள்.

கேள்வி: வீட்டில் அந்த எழுத்தாளரின் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போகலாமா?

விழா அறிவிப்பைப் பாருங்கள். வீட்டிலிருந்து இத்தனைதான் கொண்டுவரலாம் என்று சில விழாக்களில் வரம்பு உண்டு. வரம்பு இல்லாவிட்டாலும் ஒரு முறைக்கு இரண்டு நீட்டுங்கள். மிச்சம் இருந்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போங்கள். விழாவில் உள்ள கடையில் ஒரு புத்தகமாவது வாங்குங்கள், கடைக்காரர் அடுத்த வருடமும் வர வேண்டும் இல்லையா? ரொம்பப் பிடித்த, ஓரம் மடங்கிக் கிழிந்த பிரதியையே முதலில் நீட்டுங்கள். புதுப் புத்தகம் வாங்கித்தான் நீட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.