இலை பச்சை, கதிர் பதர்: வெப்பப் படம் உதவுமா?

கேள்வி: கடும் வெயிலிலும் நெற்பயிர் பச்சையாகத்தான் நிற்கிறது, அறுவடையில் பார்த்தால் பாதி பதர். வெப்பப் படம் எடுத்தால் பயிரின் தவிப்பை முன்பே அறியலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் பலரும் இலையை மட்டும் படம் எடுத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாவதால்தான் இலை குளிர்கிறது. நீர் போதாவிட்டால் துளைகள் மூடும், இலை சூடேறும். கண்ணுக்கு வாட்டம் தெரியும் முன்பே அகச்சிவப்பு கேமரா இதைக் காட்டிவிடும். படத்தில் சிவப்பைக் கண்டதும் பதறவேண்டாம். அந்த நிறம் கணினி பூசியது. படமெடுத்த நேரத்தின் காற்று வெப்பமும் ஈரப்பதமும் குறிக்கப்படாத படத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு மேகம் கடந்தாலே இலையின் வெப்பம் மாறிவிடும்.

பச்சைய ஒளிர்வை, அதாவது ஒளி பட்ட இலையின் பச்சையம் திருப்பி உமிழும் மெல்லிய ஒளியை, படமெடுப்பது இன்னொரு வழி. சற்று நேரம் இருட்டில் வைத்த நலமான இலையில், அந்த ஒளிர்விலிருந்து கணக்கிடும் ஒளிச்சேர்க்கைத் திறனின் அளவு (0 முதல் 1 வரையிலான விகிதம்) 0.83-ஐ ஒட்டி இருக்கும். கடும் வெப்பம் தாக்கினால், பச்சை மாறாமலே அது சரியும்.

உங்கள் பதருக்குக் காரணம் பெரும்பாலும் பூவில் இருக்கிறது. பூ விரியும் வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல ரகங்களில் மகரந்தப்பை சரியாக வெடிப்பதில்லை, மணி பிடிக்காது. இங்கே ஈரப்பதம்தான் முக்கியம். ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில், வறண்ட காற்றில் நீர் நின்ற வயல்களில், கதிர் காற்றைவிடச் சுமார் 7 டிகிரி குளிர்ந்திருந்ததை அளந்திருக்கிறார்கள். காற்று ஈரமாக இருந்தால் கதிருக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. வானிலை அறிக்கை சொல்லும் வெப்பம் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு வயல் தப்பும், இன்னொன்று பதராகும்.

ஆகவே பூக்கும் நாட்களில், பூ விரியும் முற்பகலில், கதிரை அருகிலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். உயரத்தில் பறக்கும் ட்ரோனின் படத்தில் கதிரும் இலையும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். குளிர்ந்த இலை சுடும் கதிரை மறைத்துவிடும். படத்தில் கதிர் தொடர்ந்து சூடாகவே தெரிந்தால், வெயில் ஏறும் முன் அதிகாலையிலேயே பூ விரியும் ரகத்தைத் தேடுங்கள். அந்தக் குணத்தைக் காட்டு நெல்லிலிருந்து எடுத்துச் சாகுபடி நெல்லில் சேர்த்திருக்கிறார்கள்.