கீழ்வீட்டில் மோட்டார், மாடியில் காலி டேங்க்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வேலூர் சத்துவாச்சாரியில் மாமனார் கட்டிய வீட்டில் கீழே மூத்தார் குடும்பம், மாடியில் நாங்கள். சம்ப் பொது, மோட்டாரும் ஒன்றுதான். சுவிட்சும் மீட்டரும் கீழ்வீட்டில். மாடிக்குக் குடிவந்தபோது பேசியபடி மோட்டார் கரண்டுக்கு மாதம் 150 ரூபாய் கொடுத்து வருகிறோம். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து, அவர்கள் டேங்க் நிறைந்ததும் ஓரகத்தி மோட்டாரை நிறுத்திவிடுகிறார். எங்கள் டேங்குக்கு வால்வைத் திருப்புவதே இல்லை. காலை ஏழு மணிக்கு இராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு நான் பஸ் பிடிக்க வேண்டும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கேட்டால், "உனக்கு மட்டும்தான் வேலையா?" என்கிறார். வீட்டில் பலகாரம் செய்தால் முதல் தட்டு கீழேதான் போகும். அப்படிப் பொறுத்துப் போனவள், போன வாரம் தெருவே பார்க்கக் கத்திவிட்டேன். கணவரோ, "அண்ணன்கிட்ட எப்படிக் கேட்கிறது" என்கிறார். இனி அன்பாக இருப்பதா, கறாராக இருப்பதா?

ஒரு வாசகி, வேலூர்

அன்புச் சகோதரிக்கு,

இரண்டும் வேண்டும். அன்பு அக்காவிடம், கறார் தண்ணீரில். இதுவரை பலகாரம் கொடுத்தீர்கள், தண்ணீரைப் பற்றி உட்கார்ந்து பேசவில்லை. வாய் திறந்தபோது கோபம்தான் வந்தது. எத்தனை மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்று நிதானமாகச் சொன்னதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை.

அந்த 150 ரூபாயைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். வெயில் காலத்தில் கீழே ஃபேன் ஓயாமல் சுற்றும்போது, உங்கள் தண்ணீருக்காக ஓடும் மோட்டாரும் அவர்கள் பில்லை மேல்படிக்குத் தள்ளக்கூடும். அக்காவின் கோபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

காலையில் குழாயடியில் நின்று கேட்காதீர்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். வாக்குவாதம் எப்படித் தொடங்குகிறதோ பெரும்பாலும் அப்படியே முடிகிறது என்பது, தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் கண்டது. ஓரகத்திகளிடமும் அதையே பார்க்கிறேன். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்ற சொல் வேண்டாம். "அக்கா, அன்னைக்குத் தெருவுல கத்தினது தப்பு. இந்த வெயில்ல கரண்டு பில் எவ்வளவு வருது? நாங்க கொடுக்கிறது பத்துதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பழைய குறையெல்லாம் வரும், வரட்டும், குறுக்கே பேசாதீர்கள். படபடப்பு ஏறினால், "ஒரு அரை மணி நேரம் கழிச்சு வரேன்க்கா" என்று எழுந்து வந்து, சொன்னபடி திரும்பப் போங்கள்.

அப்புறம் உங்கள் தேவை: "காலைல ஆறு மணிக்குள்ள எங்க டேங்க்ல தண்ணி இருக்கணும்க்கா." கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். பில்லில் நியாயமான பங்கு தருகிறோம், இரவே வால்வைத் திருப்பும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

கீழே போவதற்கு முன், உங்கள் மீட்டரிலிருந்து தனி மோட்டார் போட என்ன செலவாகும் என்று எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் விசாரித்து வையுங்கள். அக்கா ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வேறு வழி இருப்பது தெரிந்தால் உங்கள் குரல் தானாக நிதானப்படும். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் வீட்டைப் பிரிக்கிற பேச்சாகக் காதில் விழும்.

உங்கள் கணவர் அண்ணனிடம் சண்டை போட வேண்டியதில்லை. பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், மூத்தாரும் இருக்கட்டும். மாமியாரை மட்டும் நடுவராக்க வேண்டாம், பாவம், யார் பக்கம் பேசினாலும் அவருக்குத்தான் வருத்தம். ஒரேயடியாக முடிவு கேட்காமல், "அடுத்த ரீடிங் எடுக்கிற வரைக்கும் இப்படி ஓட்டிப் பார்ப்போம்க்கா, பில் வந்ததும் மறுபடி பேசிக்கலாம்" என்று கேளுங்கள்.