பாட்டியின் நினைவு மலரில் 'பயஸ்' என்று போடலாமா?

கேள்வி இதுதான்: பாட்டியின் நினைவு மலரில் ஆங்கிலத்தில் 'பயஸ் லேடி' (pious lady) என்று எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் "அது நல்ல சொல் இல்லை, எடுத்துவிடுங்கள்" என்கிறார். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?

எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் உறவினர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

அகராதியைப் பார்த்தால் பக்தியுள்ள, தெய்வபக்தி மிகுந்த என்று இருக்கும். உச்சரிப்பு 'பை-அஸ்'. சிலர் எழுத்தைப் பார்த்துப் 'பியஸ்' என்கிறார்கள், அது தவறு. இது லத்தீனில் 'பியுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமர்கள் அந்தச் சொல்லைக் கடவுளுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவில்லை. தெய்வம், பெற்றோர், நாடு என்று யாருக்கெல்லாம் நாம் கடமைப்பட்டிருக்கிறோமோ அவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்பவன் எவனோ அவன்தான் பியுஸ். ரோமர்கள் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொண்ட ஏனியஸ், எரிகிற ட்ராய் நகரத்திலிருந்து வயதான தகப்பனைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேறியவன். ஜூலியஸ் சீசர் வெளியிட்ட ஒரு வெள்ளி நாணயத்தில் அந்தக் காட்சி இருக்கிறது: தோளில் அப்பா, கையில் ஒரு சிறிய தெய்வச் சிலை. அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் அந்த ஒரு நாணயத்தில் அடங்கிவிடுகிறது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது என்று நினைக்கிறேன். நாமும் தெய்வபக்தி, குருபக்தி, பிதுர்பக்தி, தேசபக்தி என்று ஒரே சொல்லை எல்லாப் பக்கமும் வைத்துப் பேசுகிறவர்கள்தானே. பயஸ் என்ற பெயரில் 12 போப்பாண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்தப் பெயரைப் பத்திநாதர் என்று ஆக்கிக்கொண்டார்கள். எத்தனை அழகான மொழிபெயர்ப்பு! இரக்கத்தைக் குறிக்கும் 'பிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

அப்புறம் ஆங்கிலத்தில் என்ன ஆனது என்றால், பொருள் முதலில் சுருங்கியது. அப்பா, நாடு எல்லாம் உதிர்ந்து, மதப்பற்று மட்டும் நின்றது. பிறகு அதிலும் கொஞ்சம் கசப்பு ஏறியது. பக்தியை ஊருக்குக் காட்டிக்கொள்கிறவர், தான் மட்டுமே நல்லவர் என்ற தோரணையில் பேசுகிறவர், இவர்களையும் இன்று 'பயஸ்' என்று குத்திக்காட்டுவார்கள். 'பயஸ் ஹோப்' என்றால் நடக்க வாய்ப்பில்லாத நல்லெண்ணம். 'பயஸ் ஃப்ராட்' என்றால் நல்ல காரியத்துக்காகச் செய்யும் ஏமாற்று. உங்கள் உறவினர் காதில் விழுந்தது இந்தத் தொனிதான்.

உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி இன்று எழுதுவதென்றால் நான் 'டிவவுட்' என்ற சொல்லைப் போடுவேன். டிவவுட் முஸ்லிம், டிவவுட் கேத்தலிக் என்று செய்திகளில் வருவது அதனால்தான். அதில் குத்தல் கிடையாது, மனதார நம்பி நடப்பவர் என்று மட்டுமே பொருள். 'ரிலிஜியஸ்' இன்னும் பொதுவானது, மத நம்பிக்கை உள்ளவர் என்ற அளவில் நிற்கும். இன்னொன்று, நம் நாட்டு அழைப்பிதழ்களில் 'பயஸ் அக்கேஷன்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விழாவுக்குப் பக்தி வராது, மனிதருக்குத்தான் வரும். அங்கே மங்களகரமான என்று பொருள்படும் 'ஆஸ்பிஷஸ்' என்று போடுவதே சரி.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது வழக்குக் கட்டுகளில். நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். புரோநோட்டுக் கடன் வழக்குகளில் 'பயஸ் ஆப்ளிகேஷன்' என்ற தொடர் அடிக்கடி வரும். தகப்பன் வாங்கிய கடனை, அது ஒழுக்கக்கேடான காரியத்துக்கு வாங்கியதாக இல்லாவிட்டால், மகன் தீர்க்க வேண்டும் என்ற இந்துச் சட்டக் கொள்கை அது. கடனோடு செத்தவனுக்கு மறுமையில் துன்பம் என்ற தர்மசாஸ்திர நம்பிக்கையில் பிறந்தது. நீதிமன்றங்கள் அதைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் அளவுக்கு நிறுத்திவைத்திருந்தன, மகன் சொந்தமாகச் சம்பாதித்ததில் கைவைக்க முடியாது. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபின், அந்த ஆண்டு செப்டம்பர் 9 முதல் வாங்கும் கடன்களுக்கு, இந்தக் காரணத்தை மட்டும் வைத்து மகன் மீதோ பேரன் மீதோ வழக்குப் போக முடியாது.

'பயஸ்' என்பதன் பழைய பொருள் எனக்கு உறைத்தது அந்தக் கட்டுகளில்தான். தமிழில் கடமைக்கும் கடன் என்றுதான் பெயர், வாங்கிய பணத்துக்கும் கடன் என்றுதான் பெயர். பயஸ் ஆப்ளிகேஷன் என்பதில் இந்த இரண்டு கடனும் ஒன்றாக நிற்கின்றன.

என் தாத்தா இறந்தபோது ஊர் மளிகைக் கடையில் அவர் பெயரில் பாக்கி இருந்தது. சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை, கடைக்காரரின் நோட்டில் எழுதியது மட்டும்தான். கேட்டு யாரும் வரவில்லை. அப்பா சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசித் தவணையன்று கடைக்காரர் தாத்தா பெயர் இருந்த பக்கத்தில் குறுக்கே கோடு போட்டதை நானும் கூட நின்று பார்த்தேன். அப்பா கோயிலுக்கு அதிகம் போகிறவர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு தாத்தா படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்.

அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொன்னால் நான் 'டிவவுட்' என்று எழுத மாட்டேன், 'பயஸ்' என்றுதான் எழுதுவேன்.

உங்கள் பாட்டியும் அப்படித் தன் கடன் தீர்த்து வாழ்ந்தவர் என்றால் அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். மறைந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அதில் குத்தல் ஒட்டாது, மரியாதையாகத்தான் படிப்பார்கள். உறவினருக்குத் திருப்தி வரவில்லை என்றால் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள், பாட்டி யாருக்கு என்ன செய்தார் என்று.