மேட்டில் மட்டும் திணறும் டர்போ கார்: இன்ஜெக்டருக்கு முன் காயிலைப் பாருங்கள்

வணக்கம் சகோதரரே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே, பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது, மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் மட்டும் கார் குலுங்குகிறது, நின்ற இடத்தில் சீராக ஓடுகிறது, பி0302 என்ற கோளாறு எண் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கையும் மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் இப்போதைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த எண், இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று காட்டுகிறது. டர்போ காற்றைத் திணிக்கும்போது, அந்த அடர்த்தியில் பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். பொறி உண்டாக்கும் பிளக்குக்கு அந்த மின்னழுத்தத்தைத் தருவது காயில்; தளர்ந்த காயில் அங்கேதான் கைவிடும். இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றுங்கள். எண்ணை அழித்துவிட்டு அதே மேட்டில் ஏறுங்கள். மூன்றாவது சிலிண்டரைக் குறிக்கும் பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். எண் மாறாவிட்டால் பிளக்குகளையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள்.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு வாசலில் ஒரு பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் முடியளவு கருங்கோடு. பொறி அந்த வழியாகவே வெளியே கசிந்துகொண்டிருந்தது.

கூடுதல் சக்திக்காக நீங்கள் இன்ஜினை ட்யூன் செய்திருப்பதால் பிளக் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். 0.8 மி.மீ. இருந்தால், கூடுதல் அழுத்தத்துக்கு 0.6 அல்லது 0.7 ஆகக் குறைப்பது வழக்கம்.

காயில், பிளக் இரண்டும் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர் சோதனையும், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே மிதிப்பதை விடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலை காயிலைப்போலப் பல மடங்கு.