சாண்டர்ஸின் நன்கொடைப் பட்டியலில் ஆல்ஃபபெட் பெயர் இருப்பது ஏன்?

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்குப் பணம் கொடுக்கவில்லை. 2020 தேர்தலில் அவருக்கு வந்த நன்கொடைகளைக் காட்டும் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே இருப்பது, அங்கே வேலை பார்ப்பவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தவற்றின் கூட்டுத்தொகை. எனவே பெருநிறுவனங்களை எதிர்த்துப் பேசுபவர் அவற்றிடமே கை நீட்டினார் என்ற முடிவுக்கு இதை வைத்து வர முடியாது.

வேட்பாளருக்கு நிறுவனங்கள் நேரடியாக நிதி தருவதை 1907ஆம் ஆண்டின் டில்மன் சட்டம் தடை செய்தது. குழப்பம் வேறோர் விதியிலிருந்து பிறந்திருக்கலாம்: ஒருவர் ஒரு தேர்தல் சுற்றில் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால், அவருடைய தொழிலையும் பணியிடத்தையும் பிரசாரக் குழு பதிவு செய்ய வேண்டும்; நன்கொடை விவரங்களைத் தொகுக்கும் இணையதளங்கள் பணியிடத்தின் பெயரிலேயே அதைக் கூட்டிவிடுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதே பட்டியலில் இடம்பெறுவதும் இப்படித்தான்.

கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அவருடைய பிரசாரக் குழுவைத் திறந்து, தனிநபர் நன்கொடைகளைப் பணியிடத்தின் பெயரால் வடிகட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் கொடுத்தவர், தொழில், தேதி, தொகை ஆகியவை தனித்தனியே தெரியும்.

ஆனால் இந்த விளக்கத்தை எல்லா செனட்டர்களுக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். பலருடைய கணக்கில், நிறுவனங்கள் நடத்தும் அரசியல் நடவடிக்கைக் குழுக்கள் (பேக்) ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை கொடுத்ததும் சேர்ந்திருக்கும். வரம்பின்றி நிதி திரட்டக்கூடிய, 2010இல் உருவான சூப்பர் பேக் குழுக்கள் தனியாகச் செய்யும் செலவோ வேட்பாளரின் வரவில் வருவதே இல்லை, அதைத் தனியே தேட வேண்டும்.