ஜாதிக்காயும் பண்டா தீவுகளும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் ஜாதிக்காயைப் பற்றிய உங்கள் கட்டுரையில், உலகமயமாக்கலின் வேர் இந்தியா தன் சந்தையைத் திறந்த 1991-ல் இல்லை, 400 வருடங்களுக்கு முன்னால் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளில் நடந்த படையெடுப்பிலும் கொலையிலும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். வணிகம் என்பது விற்பவரும் வாங்குபவரும் மனமொத்துச் செய்வது. பூம்புகார் காலத்திலிருந்தே நாமும் கடல் கடந்து விற்றிருக்கிறோம். படையெடுப்பும் கொலையும் அரசுகள் செய்தவை. அந்தப் பாவத்தை வணிகத்தின் தலையில் கட்டலாமா?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பண்டா தீவுக்காரர்களுக்கு வணிகம் புதிதே அல்ல. இந்தோனேசியாவின் கிழக்கில், மலுக்குப் பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு எரிமலைத் தீவுகள் அவை. அன்றைக்கு உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய் விளைந்தது அங்கே மட்டும்தான். ராஜா கிடையாது. ஒராங் காயா என்ற ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஜாவா, மலாய், சீன, அரபு வணிகர்கள் அங்கே வந்துபோனார்கள். பண்டாக்காரர்களும் சொந்தக் கப்பலில் மலாக்கா வரை போய் விற்றார்கள். தீவில் நெல் விளையாது. அரிசியும் துணியும் வெளியிலிருந்து வர வேண்டும், அதற்கு மாற்றாக ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் போகும். நினைத்தவரிடம் விற்கும் உரிமை அவர்களுக்கு வெறும் லாபக் கணக்கு இல்லை. அதுதான் சோறு.

அந்த உரிமையைத்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டது. எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், விலையும் எங்களுடையது என்று ஒப்பந்தம் எழுதியது. பண்டாக்காரர்கள் ஆங்கிலேயருக்கும் ஜாவாக்காரருக்கும் விற்பதை நிறுத்தவில்லை. 1609-ல் கோட்டை கட்ட வந்த டச்சுத் தளபதியையும் அவரோடு வந்த அதிகாரிகளையும் பேச்சுவார்த்தைக்கு என்று வரவழைத்துக் கொன்றார்கள். இதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

1621-ல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் கப்பற்படையோடு வந்து இறங்கினார். கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரர்களைக் கொண்டு 44 ஒராங் காயாக்களை வெட்டிக் கொன்றார்கள். மலைமேல் ஏறித் தப்பியவர்களைப் பட்டினி கொன்றது. பிடிபட்டவர்கள் அடிமைகளாகப் பதாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்.

இதை அரசு செய்தது என்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கூன் எந்த ராஜாவுக்கும் சேனாதிபதி அல்ல. பங்குதாரர்களின் பணத்தில் நடந்த ஒரு கம்பெனியின் அதிகாரி. கோட்டை கட்டவும் படை வைக்கவும் ஒப்பந்தம் போடவும் 1602-ல் அதற்கு எழுதிக் கொடுத்தது டச்சு அரசு. அது உண்மை. ஆனால் பண்டாவில் அந்தப் படையை நடத்தியது ஜாதிக்காயின் விலை. உங்கள் வகுப்பில் சந்தை என்று எதைச் சொல்வீர்களோ, அதன்படி நடந்தவர்கள் பண்டாக்காரர்கள். அதற்காகத்தான் செத்தார்கள்.

அப்புறம், ஆள் இல்லாத தோப்பில் யார் காய் பறிப்பது? நிலத்தை 68 துண்டுகளாகப் பிரித்துக் கம்பெனியின் பழைய ஊழியர்களிடம் கொடுத்தார்கள். வேலைக்கு அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். குஜராத், மலபார், ஜாவா, கேய், அரு என்று பல கரைகளிலிருந்து வந்த அவர்களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் உண்டு. பழவேற்காட்டில் அந்தக் கம்பெனி 1613-லேயே கோட்டை கட்டியிருந்தது. நம் நெசவாளர்களின் துணியை அங்கே வாங்கி, கீழ்க்கடல் தீவுகளில் வாசனைச் சரக்குக்கு மாற்றினார்கள். அந்தத் துணியை நெய்தவருக்கு அது எங்கே போய் என்ன செய்தது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெசவாளரின் நினைவுதான் வரும்.

பண்டாக்காரர்களில் சிலர் படகில் தப்பி கேய் தீவுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் அங்கே பண்டா எலி, பண்டா எலாட் என்ற இரண்டு ஊர்களில் இருக்கிறார்கள். பண்டா மொழி இன்று அந்த ஊர்களில்தான் பேசப்படுகிறது. பண்டா தீவுகளில் அது இல்லை.