டிக்கெட்டில் உள்ள நேரமும் இணையத்தில் உள்ள தூரமும்

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்கு 1,760 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் 2 மணி 12 நிமிடம் என்றும் ஓர் இணையதளம் காட்டுகிறது. என் டிக்கெட்டிலோ காலை 6.10-க்குப் புறப்பட்டு 9.05-க்குச் சேரும் என்றிருக்கிறது. விமான நிறுவனம் நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறதா? டெல்லியிலிருந்து 10.30-க்கு வேறு நிறுவனத்தின் விமானத்தில் டேராடூனுக்குத் தனி டிக்கெட் வாங்கலாமா?
– வாசகர், மதுராந்தகம்

பதில்: இரண்டு கணக்குகளும் சரிதான், ஆனால் அவை அளப்பது வெவ்வேறு விஷயங்களை. உலக உருண்டையின் மேல் சென்னையையும் டெல்லியையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் நீளமே அந்த 1,760 கிலோமீட்டர். அதை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துவிட்டு, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதையும், மேலேறி இறங்குவதையும், டெல்லி வானில் வரிசையில் காத்திருப்பதையும் அந்த இணையதளம் விட்டுவிடுகிறது.

டிக்கெட்டில் உள்ளது விமானத் துறையினர் 'பிளாக் டைம்' என்று சொல்லும் நேரம். சென்னையில் சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, டெல்லியில் அது நிறுத்துமிடத்தில் நிற்கும் வரையிலான நேரம் அது. நான்கு ஓடுபாதைகள் கொண்ட டெல்லியில், தரையிறங்கிய பிறகும் கால் மணி நேரம் ஊர்ந்துகொண்டிருப்பது சாதாரணம். சென்னை–பெங்களூரு வான்வழித் தூரம் 270 கிலோமீட்டர்தான் என்றாலும் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பதும் இதனால்தான். தாமதப் பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்துப் போடுவதும் உண்டு. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

வாங்குபவருக்குப் பயன்படுவது டிக்கெட்டில் உள்ள இந்த நேரம்தான், ஏனெனில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் இதையே அளவுகோலாகக் கொள்கின்றன. பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்துக்குச் செக்-இன் செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையிலான விமானங்களுக்கு அந்த வரம்பு மூன்று மணி நேரம். உங்கள் விமானம் 2 மணி 55 நிமிடம் என்பதால் இரண்டாவது வகையில் வருகிறது. முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் தர வேண்டிய இழப்பீடும், பிளாக் டைம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் விமானத்துக்கு, 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. மூடுபனி போன்ற, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது. டெல்லிக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை அரசு உள்நாட்டுக் கட்டணங்களுக்கு வரம்பு வைத்திருந்தபோதும், பயண நேரத்தை வைத்தே பிரித்தது. கிலோமீட்டரை வைத்து அல்ல.

டேராடூன் டிக்கெட்டை வாங்காதீர்கள். 9.05 என்பது விமானம் நிற்கும் நேரம். பெட்டி உங்கள் கைக்கு வர 9.30 ஆகிவிடலாம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுவது வழக்கம். முனையமும் வேறாக இருந்தால் சாலை வழியாகப் போக வேண்டியிருக்கலாம். தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. டேராடூன் வரை ஒரே முன்பதிவு எண்ணில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பிற்பகல் விமானத்தை எடுங்கள்.